வெயில் காப்புக் கிரீம்: விற்பவர் அறிந்து விற்க வேண்டும்

பருப்பு, மிளகாய், புளி, வெல்லம் பற்றி எழுத வேண்டிய ஒரு மளிகை மொத்த வியாபாரி, முகத்தில் பூசும் கிரீமைப் பற்றி எழுத வருகிறானே என்று நினைக்க வேண்டாம். சோப்பு, பவுடர் அடுக்கியிருக்கும் அதே பலகையில் இன்று 'சன் ஸ்கிரீன்' என்கிற வெயில் காப்புக் கிரீமும் வந்து உட்கார்ந்துவிட்டது. கல்லூரிக்குப் போகும் பெண்கள் கேட்கிறார்கள். களையெடுக்கப் போகும் பெண்கள் கேட்கிறார்கள். இரு சக்கர வண்டியில் லைன் சுற்றும் நம் விற்பனைப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். எடுத்துக் கொடுக்கும் நமக்கு அதைப் பற்றி என்ன தெரியும்?

எனக்கு ஒன்றும் தெரியாமல் இருந்தது. அதற்கு விலை கொடுத்தவர் வேறொருவர். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏழு வருடங்களுக்கு முன்பு ஒரு கோடையில், பையோடு வந்த ஏஜெண்டு ஒருவரிடம் 'வெயில் கறுப்பைப் போக்கும், வெயிலில் இருந்து காக்கும்' என்று சொல்லப்பட்ட கிரீம் 24 டப்பா வாங்கினேன். பில் இல்லை. டப்பாவில் படம் இருந்தது. தயாரித்தவர் முகவரி இல்லை. என்னிடம் சரக்கெடுக்கும் கிராமத்துக் கடைக்காரருக்கு டப்பாவுக்கு 12 ரூபாய் லாபம் வைத்துக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அவர் ஓர் அம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "அண்ணே, நீங்க குடுத்த சரக்குதான், இந்த ஆத்தா முகத்தைப் பாருங்க" என்றார். பூசிய இரண்டு வாரத்தில் முகம் வெளுத்ததாம். அதனால் இன்னும் இரண்டு டப்பா வாங்கிப் பூசியிருக்கிறார். பிறகு கன்னமெல்லாம் செக்கச் செவேலென்று எரிந்து, வெயிலில் ஐந்து நிமிஷம் நிற்க முடியாமல் போய்விட்டது. தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, ஸ்டீராய்டு மருந்து கலந்த கிரீமால் வந்த கோளாறு என்றார்.

மிச்ச டப்பாக்களைத் திரும்ப வாங்கி அழித்தேன். வைத்தியச் செலவை ஏற்றுக்கொண்டேன். முகம் தெளிய எட்டு மாதம் ஆனது. அப்போதும் முழுதாகத் தெளியவில்லை. அந்த அம்மாள் அதற்குப் பிறகு அந்தக் கடையில் உப்புக்கூட வாங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். 24 டப்பாவுக்கும் என் லாபம் 288 ரூபாய். அதற்குப் பிறகுதான் இந்தச் சரக்கைப் பற்றிக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். தெரிந்ததைப் பாடமாகவே கீழே தருகிறேன்.

1. வெயிலில் இருப்பது என்ன?

வெயிலில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் உடம்பில் படும் சூடும் தவிர, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களும் உண்டு. தோலை வந்தடைபவை இரண்டு வகை. 'பி' வகைக் கதிர் தோலின் மேற்பரப்பைச் சுடுகிறது. சிவந்து எரிவது இதனால். 'ஏ' வகைக் கதிர் இன்னும் ஆழமாகப் போய்த் தோலைக் கறுக்க வைக்கிறது. நாளடைவில் சுருக்கமும் திட்டும் உண்டாக்குகிறது. 'பி' வகையைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். 'ஏ' வகை சாதாரணக் கண்ணாடியைத் தாண்டி வரும்.

அமெரிக்காவில் 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயது டிரைவர் ஒருவரின் படம் 2012-ல் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்தது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் தடித்துச் சுருங்கி, வலது கன்னத்தைவிடப் பல வயது மூத்ததாகத் தெரிந்தது. ஒரே மனிதர், ஒரே முகம். நம் நாட்டில் டிரைவர் வலது பக்கம் உட்காருகிறார். சரக்கு இறக்க வரும் லாரி டிரைவரின் வலது கையையும் இடது கையையும் அடுத்த முறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

திருக்கோஷ்டியூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 10 பாகை வடக்கே இருக்கிறது. ஆகவே வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் நடுவில் ஒரு முறையும் ஆகஸ்ட் கடைசியில் ஒரு முறையும், உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. சித்திரை பிறக்கிற நாளில் நண்பகலில் நிழல் காலடியிலேயே கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். புற ஊதாக் கதிரின் கடுமையைக் குறிக்க உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவெண் வைத்திருக்கிறது. 3-க்கு மேல் போனால் காப்பு வேண்டும் என்கிறார்கள். 11-ம் அதற்கு மேலும் மிகக் கடுமை. நம் பக்கத்துக் கோடை நண்பகலில் 11-ஐத் தாண்டுவது சாதாரணம்.

கருவி இல்லாமல் அறிய ஒரு வழி உண்டு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது என்று பொருள். மேகம் மூடியிருந்தாலும் கதிரில் பெரும் பகுதி கீழே வந்துவிடும். வெளிச்சம் குறைந்ததே என்று ஏமாறக் கூடாது.

2. பெட்டி மேல் உள்ள எண்கள்

எஸ்.பி.எஃப். என்று ஓர் எண் போட்டிருக்கும். அது பெரும்பாலும் 'பி' வகைக் கதிருக்கு உரிய கணக்கு. 100 ரூபாய் கதிர் வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். எஸ்.பி.எஃப். 15 என்றால் அதில் ஏறத்தாழ 7 ரூபாய் உள்ளே கசியும். 30 என்றால் 3 ரூபாய். 50 என்றால் 2 ரூபாய். ஆகவே 50 என்பது 30-ஐப் போல் இரண்டு பங்கு நல்லது என்று விற்பது தவறு. நூற்றுக்கு நூறு தடுப்பது என்று எதுவும் கிடையாது. நம் வெயிலுக்கு 30-ம் அதற்கு மேலும் உள்ளது போதும்.

பி.ஏ. என்ற எழுத்தும் அதன் பக்கத்தில் கூட்டல் குறிகளும் 'ஏ' வகைக் கதிருக்கு உரியவை. இந்த முறை 1996-ல் ஜப்பானில் தொடங்கியது. கூட்டல் குறி ஒன்றிலிருந்து நான்கு வரை இருக்கும். கூடக் கூடக் காப்பு அதிகம். எஸ்.பி.எஃப். மட்டும் போட்டு, பி.ஏ. குறியோ 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்ற சொல்லோ இல்லாத கிரீம் பாதிக் காப்புதான். முகம் கறுக்கிறது என்று வருகிறவருக்கு முக்கியமாக வேண்டியது இந்த இரண்டாவது காப்பு.

பெட்டியில் போட்ட எண்ணும் எப்போதும் வேதவாக்கு அல்ல. 2025-ல் ஆஸ்திரேலியாவின் 'சாய்ஸ்' என்ற நுகர்வோர் அமைப்பு, எஸ்.பி.எஃப். 50-ம் 50-க்கு மேலும் என்று விற்கப்பட்ட 20 கிரீம்களைச் சோதித்தது. 16 கிரீம்கள் சொன்ன அளவைத் தொடவில்லை. ஒன்றுக்கு 4 தான் வந்தது. அந்த நிறுவனம் பிறகு சரக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சட்டதிட்டம் கடுமையாக உள்ள நாட்டிலேயே இப்படி என்றால், முகவரி இல்லாத டப்பாவில் போட்ட எண்ணுக்கு என்ன மதிப்பு என்று நீங்களே யோசியுங்கள்.

3. எவ்வளவு, எப்போது, எப்படி?

வாடிக்கையாளர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். எஸ்.பி.எஃப். எண்ணைச் சோதிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் கிரீம் பூசித்தான் அளக்கிறார்கள். முகமும் கழுத்தின் முன்பக்கமும் சேர்ந்து ஏறத்தாழ 600 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு தடவைக்கு 1,200 மில்லிகிராம், அதாவது ஒன்றேகால் கிராம் வேண்டும். எடை போட வேண்டியதில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் ஒவ்வொரு கோடு பிதுக்கினால் அதுவே அளவு. கடலையளவு எடுத்து முகமெல்லாம் தேய்த்தால் பெட்டியில் போட்ட எண்ணில் பாதிகூடக் கிடைக்காது.

நமக்குத் தெரிந்த கணக்காகச் சொல்கிறேன். 50 கிராம் டியூப் 40 தடவைக்கு வரும். நாளுக்கு ஒரு தடவை பூசினால் 40 நாள். இரண்டு தடவை என்றால் 20 நாள். "அண்ணே, நல்ல கிரீம், மூணு மாசம் வந்துச்சு" என்று ஒருவர் சொன்னால், அவர் நாளுக்கு அரை கிராமுக்குச் சற்று அதிகமாகத்தான் பூசியிருக்கிறார் என்று பொருள். அவருக்கு விலை உயர்ந்த சிறிய டியூபைவிட விலை குறைந்த பெரிய டியூபே பயன்படும். லாபம் நமக்குச் சிறிது குறைந்தாலும் அதைத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

பூசும் வரிசை இது:

(1) முகத்தைக் கழுவித் துடைக்கவும்.

(2) வறண்ட தோலுக்கு ஈரப்பதக் கிரீம் பூசுகிறவர்கள் அதை முதலில் பூசி, தோலில் இறங்கச் சில நிமிஷம் விடவும்.

(3) பிறகு வெயில் காப்புக் கிரீம். நெற்றி, மூக்கு, கன்னம், காது, பிடரி, கழுத்து எல்லாம் பட வேண்டும். காதும் பிடரியும் பெரும்பாலும் விட்டுப்போகின்றன. அழுத்தித் தேய்க்காமல் பரவலாகப் பூசவும்.

(4) வெளியே இறங்குவதற்கு 15, 20 நிமிஷம் முன்பே இது முடிந்திருக்க வேண்டும்.

(5) பவுடர், ஃபவுண்டேஷன், மற்ற மேக்கப் எல்லாம் அதற்கு மேல்தான். பவுடர் போட்டுவிட்டு அதன் மேல் கிரீம் பூசினால் திட்டுத் திட்டாக நிற்கும், காப்பும் இராது.

(6) வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூசவும். வியர்த்துத் துண்டால் துடைத்தாலும், குளித்தாலும் உடனே பூச வேண்டும். காலை 7 மணிக்குப் பூசியது பகல் 12 மணி வெயிலுக்கு உதவாது.

மேக்கப் சாமானிலேயே எஸ்.பி.எஃப். 15 என்று போட்டிருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. அந்த எண் கிடைக்க வேண்டுமானால் ஃபவுண்டேஷனை ஒன்றேகால் கிராம் அப்ப வேண்டும். யாரும் அப்படிப் பூசுவதில்லை. 30-க்கு மேல் 15 பூசினால் 45 என்று கூட்டுவதும் தவறான கணக்கு.

கிரீம் மட்டுமே காப்பு அல்ல. குடை, தலையில் துண்டு, முழுக்கைச் சட்டை, நிழல் இவை முதல் காப்பு. இவை மறைக்காத இடத்துக்குத்தான் கிரீம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கிரீம் வேண்டாம். நிழலும் துணியும் போதும்.

4. பவுடர், மஞ்சள், தனக்கா

முகப் பவுடர் வியர்வையை உறிஞ்சும், மணக்கும். வெயில் காப்பு என்று அதை நம்ப முடியாது. மஞ்சள், சந்தனம் இவற்றின் பெருமை வேறு. வெயிலுக்கு இவ்வளவு எண் காப்பு என்று சோதித்துச் சொன்ன சரக்கு அல்ல அவை. வீட்டில் கலந்த எந்தப் பூச்சுக்கும் இதே நிலைதான்.

நம் செட்டிநாட்டுக்கு இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. பர்மாவில் கொண்டுவிற்ற குடும்பத்து ஆச்சிமார் சிலர் 'தனக்கா' என்ற பூச்சைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். விளாமர இனத்தைச் சேர்ந்த மரத்தின் பட்டையைத் தண்ணீர் விட்டு வட்டக் கல்லில் உரைத்து, மஞ்சள் நிறக் குழம்பாகக் கன்னத்தில் பூசிக்கொள்வது பர்மியப் பெண்களின் வழக்கம். நாற்று நடுகிறவரும் பூசுவார், சந்தையில் விற்கிறவரும் பூசுவார். 1942-ல் ஜப்பானியர் வந்தபோது நம்மவர் போட்டது போட்டபடி ஊர் திரும்பினார்கள். அந்தக் கல்லும் அங்கேயே நின்றுவிட்டது. அந்த நாட்டில் இன்றும் வழக்கம் மாறவில்லை. வெயிலில் உழைக்கிறவருக்கு முகக் காப்பு வேண்டும் என்பது அழகுக்காக நேற்று வந்த எண்ணம் அல்ல என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

கறுத்த தோலுக்கு இந்தக் கிரீம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நம் தோலின் நிறமே ஓரளவு காப்புதான். வெள்ளைக்காரருக்கு வருகிற அளவு தோல் புற்றுநோய் நமக்கு வருவதில்லை. ஆனால் 'மங்கு' என்று நாம் சொல்லும் கன்னத் திட்டு நம் தோலில்தான் அதிகம் பிடிக்கிறது. வெயில் அதைக் கூட்டுகிறது. மங்கு உள்ளவருக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் ஆகாது. இரும்பு ஆக்சைடு சேர்த்து, தோல் நிறத்தில் வரும் 'டிண்டட்' வகைக் கிரீம் அவர்களுக்குக் கூடுதலாக உதவும். திட்டு பெரிதானால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

5. வெளுக்க வைக்கும் கிரீம் வேறு

வெயில் காப்புக் கிரீம் வெளுக்க வைக்காது. இருப்பதைக் காக்கும், அவ்வளவே. 1975-ல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-ல் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெரிய நிறுவனமே 'ஃபேர்' என்ற சொல்லை விட்டுவிட்ட காலத்தில், 'ஏழு நாளில் வெள்ளை' என்று வருகிற முகவரியற்ற டப்பாவை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

அத்தகைய டப்பாவில் இரண்டு ஆபத்து உண்டு. ஒன்று ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு கலந்த பல பூச்சு மருந்துகளை 2018-ல் மத்திய அரசு மருந்துச் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. மளிகைக் கடையில் அது இருக்கவே கூடாது. மற்றொன்று பாதரசம். கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கலில் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையே ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே உட்பிரிவு நோய் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுக்க வைக்கும் கிரீம் பூசியவர்கள். முகத்தில் பூசியது சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது. இதைப் படித்தபோது என்னுடைய அந்த 24 டப்பா நினைவுக்கு வந்தது. அதில் பாதரசம் இல்லாமல் போனது என் திறமையால் அல்ல.

6. கொள்முதலில் கவனிக்க வேண்டியவை

சன் ஸ்கிரீன் நம் நாட்டுச் சட்டப்படி அழகுசாதனப் பொருள். 1940-ம் வருடத்து மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும் 2020-ம் வருடத்து அழகுசாதன விதிகளும் இதற்குப் பொருந்தும். விற்க நமக்குத் தனி லைசென்ஸ் வேண்டாம். ஆனால் லைசென்ஸ் இல்லாமல் தயாரித்ததையும் போலியையும் விற்பது குற்றம். ஆகவே பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்:

(1) தயாரிப்பாளர் பெயர், முழு முகவரி, தயாரிப்பு லைசென்ஸ் எண்.

(2) பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம்.

(3) சேர்மானங்களின் பட்டியல், நிகர அளவு, வரி உட்பட அதிகபட்ச சில்லறை விலை.

(4) வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண், இறக்குமதி செய்தவர் முகவரி.

இவற்றில் ஒன்று குறைந்தாலும் வாங்க வேண்டாம். பில் இல்லாமல் அறவே வாங்க வேண்டாம். ஆய்வாளர் கேட்டால், இந்தச் சரக்கு யாரிடமிருந்து வந்தது என்று பெயரும் முகவரியும் சொல்ல வேண்டிய கடமை மேற்படி சட்டத்தின் 18-ஏ பிரிவில் விற்பவர் மேல் இருக்கிறது. பில் இருந்தால் சொல்லலாம். பையோடு வந்தவரை எங்கே போய்த் தேடுவது?

வைக்கும் இடமும் முக்கியம். வெயிலைத் தடுக்கும் கிரீம்தான் வெயிலில் முதலில் கெடும். வாசல் கண்ணாடிப் பெட்டியிலும் தகரக் கூரைக் கிடங்கிலும் வைத்தால் எண்ணெய் தனியாக, தண்ணீர் தனியாகப் பிரிந்துவிடும். பிரிந்ததும், நிறமோ வாடையோ மாறியதும் காப்புத் தராது. உள்ளே குளிர்ந்த அலமாரியில், தேதி முந்தியது முன்னே இருக்கும்படி அடுக்குங்கள். கோடைக்கு முன் மொத்தமாக எடுத்து அடுத்த கோடை வரை வைத்திருக்க வேண்டாம்.

பில் போடும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு: 22-9-2025 முதல் முகப் பவுடருக்கும் டால்கம் பவுடருக்கும் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். சன் ஸ்கிரீன் கிரீமுக்கு 18 சதவீதம். இரண்டையும் ஒரே வரிசையில் போட்டுவிடக் கூடாது.

7. கல்லாவில் நின்று சொல்ல வேண்டியது

நீண்ட பாடம் நடத்த நமக்கு நேரம் இல்லை. நான்கு வாக்கியம் போதும். "தங்கச்சி, ரெண்டு விரல் அளவு பூசுங்க. பவுடருக்கு முன்னாடி பூசுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ பூசுங்க. முதல் நாள் காதோரம் கொஞ்சம் பூசிப் பார்த்துட்டு, அரிப்பு இல்லேன்னா முகத்துக்குப் போங்க." இதைச் சொல்லிக் கொடுத்தால் அந்தப் பெண் அடுத்த டியூபுக்கும் நம் கடைக்கே வருவார்.

மாசி மகத் தெப்பத்துக்கு எங்கள் ஊர்க் குளக்கரையில் விளக்கேற்ற வரும் பெண்கள் கூட்டம் உங்களுக்குத் தெரியும். சென்ற முறை அந்தக் கூட்டத்துக்காக என் கடை வாசலில் மற்ற சரக்கோடு சன் ஸ்கிரீனும் வைக்கலாமா என்று பையன் கேட்டான். வாசலில் வேண்டாம், உள்ளே வை என்றேன். பக்கத்தில் ஓர் அட்டையில் இந்த நான்கு வாக்கியத்தையும் எழுதி ஒட்டச் சொன்னேன். அட்டை இன்னும் இருக்கிறது.

பதினெட்டு முறை நடந்து வந்து கேட்டுப் பெற்ற மந்திரத்தை, எல்லோருக்கும் தெரியட்டும் என்று இராமானுசர் கோயில் மேல் ஏறிச் சொன்ன ஊர் இது. நாம் கோபுரம் ஏற வேண்டியதில்லை. நமக்குத் தெரிந்ததைக் கல்லாவுக்கு எதிரே நிற்பவரிடம் சொன்னால் போதும். தெரியாத சரக்கை விற்காமல் இருந்தால் அதைவிட நல்லது.